உமியை வறுத்தால் நிலக்கரியாகுமா?

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்து நெல் மில்கள் இரவு பகலாக ஓடும் மாதங்களில், எமது அம்பாறை மாவட்டத்து ஊர்களுக்குள் வருபவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். மில்லின் பின்புறத்தில் உமி மலையாகக் குவிந்திருக்கும். அதில் கொஞ்சம் நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் போகும். கொஞ்சம் செங்கல் வாடிகளுக்குப் போகும். மிஞ்சியது மழையில் நனைந்து கறுத்து, கடைசியில் யாரோ வைத்த நெருப்பில் நாட்கணக்காகப் புகையும். அந்தப் புகை பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பிலும் படியும், அந்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சிலும் படியும்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் என் மச்சான் ஒரு துண்டுப்பிரசுரத்துடன் வீட்டுக்கு வந்தார். அவர் என் மனைவியின் மூத்த சகோதரர். சிறிய நெல் மில் ஒன்றை நடத்துகிறார். உமியை வெப்பத்தால் பதப்படுத்தி நிலக்கரிக்கு நிகரான எரிபொருளாக மாற்றும் இயந்திரம் ஒன்றை யாரோ அவருக்கு விற்க முயன்றிருக்கிறார்கள். விலை பல இலட்சம்.

"மச்சான், நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தானே. இது உண்மையா பொய்யா என்று சொல்லுங்க. ரெண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்தால் சல்லி சரிவரும்" என்றார்.

அந்த இரண்டு ஏக்கர் அவருடைய மூன்று பிள்ளைகளின் எதிர்காலம். எனக்கு ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததையும், பாடசாலை மாணவர்களுடன் செய்து பார்த்ததையும், மச்சானுக்குச் சொன்ன பதிலையும் இங்கே எழுதுகிறேன். எமது ஊர்களில் மில், மரக்காலை, பேக்கரி வைத்திருப்பவர்கள் பலர். அவர்கள் கையிலும் இப்படியான துண்டுப்பிரசுரம் நாளை வந்து சேரலாம்.

மா வறுக்கும் அறிவு

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'டொரிபிகேஷன்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் கோப்பிக்கொட்டை வறுப்பதற்கும் இதே சொல்தான். மரம், மரத்தூள், உமி, தும்பு போன்ற தாவரப் பொருட்களை, காற்றுப் படாமல் மூடிய கலத்தில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவதே இதன் சாரம். காற்று இல்லாததால் பொருள் தீப்பற்றாது. அது மெல்ல மெல்ல வறுபட்டு, கோப்பி நிறத்துக்கு வரும்.

எங்கள் உம்மாமாருக்கு இது புதிய விடயமில்லை. இடித்த பச்சை அரிசி மாவை அப்படியே வைத்தால் இரண்டு நாளில் புளித்து நாறும். தாச்சியில் போட்டு வறுத்து எடுத்தால் வாரக்கணக்கில் பழுதாகாது, எடையும் குறையும். மாவிலிருந்த ஈரம் போனதே அதற்குக் காரணம். விறகு வறுப்பதன் முதல் படியும் அதுதான். ஆனால் விறகில் ஈரம் போன பிறகும் வேலை முடிவதில்லை.

முதலில் ஈரம்

நோன்பு மாதம் மாரி காலத்தில் வந்த வருடங்களில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நனைந்த விறகோடு படும் பாட்டை அவர்கள் சொல்வார்கள். கண் எரியும், புகை சூழும், அண்டா கொதிக்காது. நெருப்பு ஏன் அப்படிச் சோம்புகிறது?

வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போகும்வரை நெருப்பின் சூடு சட்டிக்கு முழுதாக வராது. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 2.6 மெகாயூல் சக்தி செலவாகும். நன்றாக உலர்ந்த மரம் கிலோ ஒன்றுக்கு சுமார் 18 மெகாயூல் வெப்பம் தரும். அதே மரம் பாதி ஈரத்துடன் இருந்தால் கிலோவுக்குக் கிடைப்பது சுமார் 8 மெகாயூல் மட்டுமே. அதாவது, ஈர விறகை லொறியில் ஏற்றி வருபவர் பாதி லொறிக்குத் தண்ணீரை ஏற்றி வருகிறார். அதற்கு வாடகையும் கொடுக்கிறார்.

வெயிலில் காய வைத்தால் இந்த நட்டத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்கு இயந்திரம் தேவையில்லை. ஒரு கூரையும் பொறுமையும் போதும். ஆனால் காய்ந்த விறகுக்கு மறதி உண்டு. இரண்டு நாள் மழைக்காற்றில் கிடந்தால் பழையபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வறுப்பதன் இரண்டாவது பயன் அங்கேதான் வருகிறது.

எடை போகிறது, சக்தி தங்குகிறது

மரம் பிரதானமாக மூன்று பொருட்களால் ஆனது. நார்போல நீண்டு கிடப்பது செலுலோசு. செங்கல்லுக்கு இடையிலான சாந்துபோல எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது இலிக்னின். இவ்விரண்டையும் இணைத்துக்கொண்டு நடுவில் இருப்பது ஹெமிசெலுலோசு. மூன்றிலும் பலவீனமானது இந்த மூன்றாவதுதான். 200 பாகையைத் தாண்டியதும் முதலில் குலைவது அதுவே. மழைக்காற்றின் ஈரத்தை அதிகம் பிடித்து வைப்பதும், பூஞ்சணத்துக்கு இலகுவான இரையாவதும் அதுவே.

ஹெமிசெலுலோசு குலையும்போது நீராவி, காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு, அசற்றிக் அமிலம் போன்றவை வெளியேறும். விறகு அடுப்பில் கண்ணைக் கரிக்கும் புகையில் இவற்றுக்குப் பெரிய பங்குண்டு. இவை முன்கூட்டியே போய்விடுவதால், வறுத்த விறகு பின்னர் அடுப்பில் எரியும்போது புகை குறையும்.

எடை குறைந்தால் சக்தியும் குறையாதா என்று மாணவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. வெளியேறும் பொருட்களில் பெரும்பாலானவை ஒட்சிசன் நிறைந்தவை. ஒட்சிசனோடு ஏற்கனவே சேர்ந்துவிட்ட பொருளை எரித்துப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நீராவியும் காபனீரொட்சைட்டும் எரியவே எரியா. எரியக்கூடிய காபனில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே எடை வேகமாகக் குறைய, சக்தி மெதுவாகவே குறைகிறது.

இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: உலர்ந்த மரத்தை வறுத்தால் எடையில் சுமார் 70 வீதமும் சக்தியில் சுமார் 90 வீதமும் மிஞ்சும். ஒரு கிலோ மரத்தில் 18 மெகாயூல் இருந்தது என்று வைப்போம். வறுத்த பிறகு 700 கிராமுக்குள் ஏறத்தாழ 16 மெகாயூல் இருக்கும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் அது சுமார் 23 மெகாயூல். சாதாரண நிலக்கரி கிலோவுக்கு 25 மெகாயூல் அளவில் தரும். 'நிலக்கரிக்கு நிகர்' என்று துண்டுப்பிரசுரம் சொன்னது இந்தக் கணக்கைத்தான். நல்ல மரத்துக்கு அது பெரும்பாலும் உண்மை.

அப்படியென்றால் கரி சுடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கரிக்கு 400 பாகைக்கு மேல் சூடு வேண்டும். மண் மூடிக் கரி சுடும் பழைய முறையில் நூறு கிலோ மரம் போட்டால் இருபது கிலோ கரி எடுப்பதே பாடு. கரி கிலோவுக்கு 30 மெகாயூல் தந்தாலும், மரத்திலிருந்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு புகையாகிப் போயிருக்கும். வறுப்பது பாதி வழியில் நின்றுகொள்வதால் அந்த நட்டம் இல்லை.

வறுத்த மரம் உடைவதும் இலகு. பச்சை மரத்தை அரைத்தால் நார் நாராகக் கிழிந்து இயந்திரத்தைச் சுற்றிக்கொள்ளும். வறுத்தது பிஸ்கட்டைப்போல நொருங்கும். நுரைச்சோலையில் இருப்பதைப் போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரியை மாவாக அரைத்தே எரிக்கிறார்கள். அந்த ஆலைகளுக்குப் பச்சை மரத்தைக் கொடுத்தால் சிக்கிக்கொள்ளும். வறுத்த மரத்தை நிலக்கரியோடு கலந்து அரைக்கலாம். வெளிநாடுகளில் மின் நிலையங்கள் இந்த முறையில் அக்கறை காட்டியதற்கு முக்கிய காரணம் இதுதான்.

பால்மா டின்னும் மரத்தூளும்

சொன்னதைச் செய்து பார்க்காமல் நம்பக் கூடாது என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பாடசாலை விளையாட்டு மைதானத்தின் மூலையில், திறந்த வெளியில், மாணவர்களைத் தூர நிறுத்திவிட்டு நானே செய்தேன். பழைய பால்மா டின் ஒன்றில் மரக்காலையில் வாங்கிய உலர்ந்த மரத்தூள் 200 கிராம் போட்டு, மூடியில் ஆணியால் ஒரு துளையிட்டு, மிதமான நெருப்பில் வைத்தேன்.

முதலில் துளையால் வெள்ளை ஆவி வந்தது. அது தண்ணீர். கொஞ்ச நேரத்தில் ஆவி மஞ்சளாகி மூக்கைத் துளைத்தது. தீப்பந்தத்தைக் காட்டியதும் துளையில் சிறிய சுவாலை பற்றிக்கொண்டது. மாணவர்கள் கூச்சலிட்டார்கள். டின்னை இறக்கி, துளையை மண்ணால் அடைத்து, முழுதாக ஆறும்வரை திறக்காமல் வைத்தேன். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே தீப்பிடிக்கும். ஆறிய பின் நிறுத்துப் பார்த்தோம்: 138 கிராம். நிறம் கோப்பி நிறம். விரலால் நசுக்கினால் பொடியானது.

பச்சை மரத்தூளையும் வறுத்ததையும் ஒவ்வொரு கோப்பைத் தண்ணீரில் போட்டோம். பச்சைத் தூள் ஊறிக் கனத்தது. வறுத்தது நெடுநேரம் மிதந்தது. ஆனால் மறுநாள் காலையில் அதிலும் ஒரு பகுதி அமிழ்ந்திருந்தது. அதையும் மாணவர்களுக்குக் காட்டினேன். வறுத்த எரிபொருள் காற்றிலுள்ள ஈரத்தை அதிகம் இழுக்காது. அதற்காக மழையில் போட்டு வைக்கலாம் என்று அர்த்தமில்லை. அதன் நுண்துளைகளுக்குள் தண்ணீர் புகவே செய்யும்.

வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். வெளியேறும் வாயுவில் நஞ்சு உண்டு. அது தீப்பற்றியும் வெடிக்கும்.

உமியின் கணக்கு வேறு

இதுவரை மச்சான் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான் ஒரு தட்டில் கொஞ்சம் உமியை எரித்துக் காட்டினேன். மரத்தூள் எரிந்தால் தட்டில் ஒரு சிட்டிகை சாம்பல்தான் மிஞ்சும். உமி எரிந்த பிறகோ உமியின் உருவத்திலேயே சாம்பல் எலும்புக்கூடு நின்றது.

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. மணலில் இருப்பதும் அதுவே. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி, தன் மணிக்குக் கவசமாகக் கட்டிக்கொண்டது அது. எந்த வறுவலும் அதை வெளியேற்றாது.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ உலர்ந்த உமியில் 20 கிலோ சாம்பல் இருக்கிறது. வறுத்த பின் மொத்த எடை 75 கிலோவாகிறது என்று வைப்போம். சாம்பல் அதே 20 கிலோதான். அதாவது வறுப்பதற்கு முன் ஐந்தில் ஒன்றாக இருந்த சாம்பல், வறுத்த பின் நான்கில் ஒன்றுக்கும் மேலாகிவிடுகிறது. உமி கிலோவுக்கு சுமார் 14 மெகாயூல் தருகிறது. வறுத்தால் அது 16, 17 வரை ஏறும். காய்ந்த நல்ல விறகு எந்த இயந்திரமும் இல்லாமல் தருவதும் ஏறத்தாழ அதே அளவு. 'நிலக்கரிக்கு நிகர்' என்ற வார்த்தை மரத்துக்குச் சொன்னது. அதைத் தூக்கி உமியின் மேல் வைத்திருக்கிறார்கள்.

உமியின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கன மீற்றர் தண்ணீர் 1,000 கிலோ. அதே இடத்தில் உமி கொட்டினால் சுமார் 100 கிலோதான் பிடிக்கும். லொறி நிறைந்துவிடும், எடை இருக்காது. எனவே உமிக்கு முதல் தேவை அழுத்தம். உமியைச் சூடான குழாயினூடாகத் திருகி அழுத்தினால், அந்தச் சூட்டில் இலிக்னின் இளகிப் பசையாகி, வேறு பசை சேர்க்காமலே கட்டியான குற்றியாக வரும். இதுவும் வெப்பத்தின் உதவிதான். இதற்கும் ஒரு விலை உண்டு. உமியிலுள்ள சிலிக்கா அரத்தைப்போல வேலை செய்து, அழுத்தும் திருகைத் தேய்த்துவிடும். திருகை அடிக்கடி ஒட்டிச் சரிசெய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

புகை எங்கே போகிறது?

இயந்திரம் வாங்க நினைப்பவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இது. டின்னின் துளையில் சுவாலை எரிந்ததைச் சொன்னேன். வறுக்கும்போது வெளியேறும் வாயுவும் எரியக்கூடியது. ஒழுங்காக அமைத்த இயந்திரத்தில் அந்த வாயுவை உலைக்கே திருப்பி எரித்து, வறுப்பதற்கான சூட்டைப் பெறுவார்கள். உள்ளே போடும் பொருள் நன்றாகக் காய்ந்திருந்தால், வெளியிலிருந்து பெரிதாக எரிபொருள் கொடுக்காமலே இயந்திரம் ஓடும். ஈரமான பொருளைப் போட்டால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

அந்த வாயுவை எரிக்காமல் குழாய் வைத்து வெளியே விட்டால், அடுப்படியில் குறைந்த புகை அப்படியே மில்லைச் சுற்றியுள்ள வீடுகளுக்குள் போகும். ஒரு வீட்டின் நோயை இன்னொரு வீட்டுக்கு மாற்றியதுதான் மிச்சம். என் உம்மா நாற்பது வருடம் விறகு அடுப்போடு கிடந்தவர். இன்று படியேறினால் மூச்சு வாங்குகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான வீடுகள் விறகில்தான் சமைத்தன. அதன் பின்னர் எரிவாயுவுக்கு மாறிய எத்தனையோ வீடுகளை 2022 மீண்டும் விறகுக்குத் தள்ளியது. 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் வெறும் சிலிண்டருடன் வரிசையில் நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே நல்ல திண்ம எரிபொருள் எமக்கு வேண்டும். அதன் புகையை யார் சுவாசிக்கிறார் என்ற கேள்வியும் கூடவே வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வர்ணம் பூசிய பலகை, மருந்தடித்த மரம், பிளாஸ்ரிக் கலந்த குப்பை ஆகியவற்றை இந்த முறையில் போடவே கூடாது. வறுத்தாலும் அவற்றின் நஞ்சு நஞ்சுதான். வறுத்த எரிபொருளோ கரியோ, எதையும் கதவு மூடிய அறையில் எரிக்கக் கூடாது. புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காபனோரொட்சைட்டு வரும். அது ஆளைக் கொல்லும்.

மச்சானுக்குச் சொன்ன பதில்

வயலை ஈடு வைக்க வேண்டாம் என்றேன். உங்கள் உமிக்கு இந்த இயந்திரம் பொருந்தாது. முதலில் உமிக்குவியலின் மேல் ஒரு கூரை போடுங்கள். காய்ந்த உமியை வாங்கச் செங்கல் வாடிக்காரர் கூடுதல் விலை தருவாரா என்று கேளுங்கள். குற்றியாக அழுத்தும் யோசனை இருந்தால், அதே இயந்திரத்தை ஒரு வருடமாவது ஓட்டிய ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள். திருகு எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், அதற்கு எவ்வளவு செலவு என்று அவரிடம் கேளுங்கள்.

"அப்ப இந்த வறுக்கிற வேலை வீண் வேலையா?" என்று கேட்டார்.

வீண் வேலையில்லை. வறுக்கத் தகுந்த பொருள் எமது ஊர்களில் வேறு இருக்கிறது. மரக்காலைகளில் குவியும் மரத்தூள், பலகைச் சீவல், வேலிக்கு நட்டு வெட்டிப் போடும் சீமைக்கிளுவைக் கம்பு இவையெல்லாம் சாம்பல் குறைந்தவை. இவற்றைக் காய வைத்து, வறுத்து, அழுத்திக் குற்றியாக்கினால் பேக்கரிகளுக்கும், பள்ளிவாசல் கஞ்சி அடுப்புக்கும், மண்டபச் சமையலுக்கும் மாரி காலத்திலும் ஒரே சீராக எரியும் எரிபொருள் கிடைக்கும். ஆனால் ஒரு மரக்காலையின் தூள் ஓர் இயந்திரத்துக்குக் காணாது. நான்கைந்து மரக்காலைக்காரர்கள் சேர வேண்டும். வாங்குவதற்கு பேக்கரிக்காரர்கள் முன்கூட்டியே உடன்பட வேண்டும்.

பணத்தைப் போடுவதற்கு முன் பரிசோதிக்கவும் வேண்டும். ஒலுவிலில் பொறியியல் பீடத்துடன் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எமது வாசலிலேயே இருக்கிறது. ஒரு பையில் உங்கள் கழிவை எடுத்துக்கொண்டு போய், இதில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, வெப்பப் பெறுமானம் எவ்வளவு என்று அளந்து தர முடியுமா என்று கேளுங்கள். இந்த மூன்று இலக்கங்களும் கையில் இருந்தால், எந்தத் துண்டுப்பிரசுரமும் உங்களை ஏமாற்ற முடியாது. மூன்றும் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

மச்சான் போன வாரம் கூரைக்குத் தகரம் வாங்கிவிட்டார். துண்டுப்பிரசுரம் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த தவணையில் பத்தாம் தரத்துக்குச் சக்தி என்ற பாடம் எடுக்கும்போது, அதை வகுப்பில் கொடுத்து, இதில் எந்த வரி உண்மை, எந்த வரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகளைக் கோடிடச் சொல்லப் போகிறேன்.